ஒரே வீடு, ஒரே முத்திரை

“செவ்வாய்க்கிழமை எங்க போயிருந்தே?” என்று இசாவோ கேட்டார்.

மித்சுயோ அடுப்பில் மீன் வாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கட்டிய மனைவி இரண்டடி தள்ளி நிற்கிறாள். ஆனாலும் அவள் எங்கே போனாள், எப்போது வந்தாள் என்று அவருக்குக் கைப்பேசிதான் சொல்ல வேண்டியிருந்தது.

“கடைக்குத்தான் போனேன்.”

“கடையில நரம்பு டாக்டரும் உக்காந்திருக்காரா? ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, காலையில. மருந்து வேற வாங்கியிருக்கே. இதோ போட்டிருக்கு பாரு.”

மீனைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

“தூக்கம் வரல. அதுக்குப் போனேன்.”

“அத மொதல்ல எங்கிட்டல்ல சொல்லணும்? அந்த வாசல்ல உன்னை எவனாவது பாத்திருந்தா என்ன ஆகும்? ஹயாமி வீட்டுப் பொம்பளைக்குப் புத்தி பிசகிடுச்சும்பான். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், ராத்திரி டீ குடிக்காதேன்னு.”

அவர் குரலில் கோபம் இல்லை. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையின் குஷிதான் இருந்தது. அகிசே நகராட்சி அந்தப் பொம்மைக்குக் ‘கனிவுக் கண்’ என்று பெயர் வைத்திருந்தது. வரி அலுவலகம், மருத்துவக் காப்பீடு, பள்ளிக்கூடம், குடிநீர் என்று தனித்தனி அலமாரியில் கிடந்த தகவலையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கலந்து, கஷ்டப்படும் குடும்பங்களைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிடப் போகிறார்களாம். இதுவரை கைதூக்கிவிட்ட குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஆனால் குடும்பத் தலைவருக்கென்று ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு திறந்துவிட்டது. வீட்டில் யார், எந்த ஊரில், எந்த டாக்டரிடம் போனார்கள், என்ன மருந்து வாங்கினார்கள் என்பது போன வருஷக் கணக்கோடு அவர் கைப்பேசியில் வந்து விழும். இப்போதைக்கு இவர்கள் பேட்டையில் மட்டும் சோதனை. ஏப்ரல் முதல் நகரம் முழுவதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகங்கள் இப்படி ஒன்றின் தகவலை ஒன்று எடுத்துக் கையாளுவது சரிதானா என்று பார்க்க நகராட்சி ஒரு கண்காணிப்புக் குழு வைத்திருக்கிறது. அதில் ஏழு பேர். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு பெண் மித்சுயோதான்.

அவளை யாரும் கேட்டுச் சேர்க்கவில்லை. பிரிவு அதிகாரி ஹிரோபே இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி இனிப்போடு வந்து இசாவோவைக் கேட்டார். குடியிருப்புப் பதிவு ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற இசாவோ, “நேரத்துக்கு வருவா, வாயத் தொறக்க மாட்டா” என்று உத்தரவாதம் கொடுத்தார். மித்சுயோ உள்ளே இனிப்பைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மீன் கருகும் வாசனை வந்தது. அதை எடுத்துத் தட்டில் வைக்கும்போதுதான் அவளுக்கு மகள் கனாயேயின் நினைப்பு வந்தது.

*

கனாயே தன் புருஷனின் வீட்டைவிட்டு வெளியேறி எட்டு மாதம் ஆகிறது. தெராகி என்ற அந்த மருமகன் அகிசேயிலேயே வேறு பேட்டையில் டயர் கடை வைத்திருக்கிறான். கதவிடுக்கில் வைத்து அவள் மணிக்கட்டை உடைத்தவன். உடைத்த அன்றே மாமனாருக்குப் போன் செய்து, மாடிப்படியில் வழுக்கிவிட்டாள் என்று அழுதவனும் அவன்தான். இசாவோ அந்த அழுகையை நம்பினார். நம்புவது சுலபமாக இருந்தது. புத்தாண்டுக்கு இருவரும் சேர்ந்து குடித்தார்கள்.

கனாயே ஆறு வயது மகள் சயோவைக் கூட்டிக்கொண்டு ஷியோட்சு என்ற கடலோர ஊரில் மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறாள் என்பது தாய்க்கு மட்டுமே தெரியும். பதிவை மாற்றினால் புருஷன் மோப்பம் பிடித்து வந்துவிடுவான் என்று பயந்து, காகிதத்தில் இன்னும் அவன் வீட்டிலேயே இருந்தாள். காகிதத்தில் அவன்தான் குடும்பத் தலைவன். சயோவுக்கு மூச்சிரைப்பு. மாதம் தவறாமல் டாக்டரிடம் போக வேண்டும். அந்தச் செலவும் அவன் பெயரில் இருக்கும் நகராட்சிக் காப்பீட்டில்தான் ஓடுகிறது.

மித்சுயோ பேரங்காடியின் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று மகளை அழைத்தாள்.

“அம்மா, இந்த நேரத்துல கூப்பிடாதேன்னு சொன்னேன்ல. கையெல்லாம் மீன் செதில்.”

“சயோவ டாக்டர்கிட்ட காட்டினா, அது அவனுக்குத் தெரிஞ்சுடும்டி. ஏப்ரல்ல இருந்து.”

“எப்படித் தெரியும்?”

“போன்லயே வருது. ஆஸ்பத்திரி பேரு, ஊர் பேரு எல்லாம். உங்க அப்பா என் கதைய இன்னிக்குக் காலையில வாசிச்சாரு.”

மறுபக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அப்ப போகாம நிறுத்திடறேன்” என்றாள் கனாயே.

“நிறுத்தினாலும் பிரயோஜனம் இல்லம்மா. பழசும் சேர்ந்து வருது.”

“சயோ இப்பத்தான் இங்க ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கா. இனிமே எங்கம்மா போறது? நீ அந்தக் குழுவுலதானே இருக்கே? உங்க ஏழு பேரைக் கேக்காமலா இதச் செய்யறாங்க?”

கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்கிற விதம் அப்படி.

*

பிப்ரவரி மாதக் கூட்டம் நகராட்சிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாட்டில் டீ, அவித்த பயறு அடைத்த ஒரு பணியாரம், செங்கல் கனத்துக்கு ஒரு கட்டு ஆவணம். ஆவணத்தின் மேல் ஒரு தாள். அதில் கூட்டத்தில் யார் என்ன பேச வேண்டும் என்பது முழுவதும் அச்சாகியிருந்தது. தலைவர் வணக்கம் சொல்வது, அதிகாரி விளக்குவது, தலைவர் “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்பது, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘உறுப்பினர்கள் தலையசைக்கிறார்கள்’. நாடகக்காரர்களாவது ஒத்திகை பார்ப்பார்கள். இவர்களுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. பழகிப் போன கழுத்துகள்.

தலைவர் உசாமி, எழுபத்தெட்டு வயதுப் பேராசிரியர். சட்டம் படிப்பித்தவர். மற்றவர்கள் வணிகர் சங்கத்துக்காரர், ஒரு பல் டாக்டர், கணினிக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், பேட்டைச் சங்கங்களின் பிரதிநிதிகள் இருவர். ஹிரோபே எழுந்து கனிவுக் கண்ணின் கனிவைப் பற்றி நெடுநேரம் பேசினார். பல் டாக்டர் பணியாரத்தைப் பிட்டுத் தின்றார். “ஆட்சேபணை உண்டா?” என்று உசாமி தாளைப் பார்த்து வாசித்தார்.

“ஒரு கேள்வி இருக்கு” என்றாள் மித்சுயோ.

ஏழு தலையும் நிமிர்ந்தன, அவள் தலையையும் சேர்த்து. அவளுக்கே தன் குரல் அந்நியமாகப் பட்டது.

“கேளுங்கம்மா, கேளுங்க” என்றார் ஹிரோபே, குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

“வீட்டுல இருக்கறவங்க டாக்டர்கிட்ட போறது எதுக்குக் குடும்பத் தலைவர் கைக்குப் போகணும்? புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு ஒருத்தி பிள்ளையோட எங்கியாவது ஓடிப் போயிருந்தா, அவ எந்த ஊர்ல இருக்கான்னு நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா?”

ஹிரோபே புன்னகை மாறாமல் சொன்னார்: “நல்ல கேள்வி. ஆனா குடும்பத் தலைவர் வெளியாள் இல்லீங்களே. தகவல் வெளியாளுக்குப் போனாத்தான் கசிவு. வீட்டுக்குள்ளேயே இருந்தா அது பகிர்வு. சட்ட ஆலோசகரும் அப்படித்தான் சொல்றாரு.”

“அடிக்கறவனும் வீட்டுக்குள்ள இருக்கறவன்தானுங்களே.”

“அந்த மாதிரி அபூர்வமான நேர்வுகளுக்கும் வழி வச்சிருக்கோம். அறுபத்திரண்டாம் பக்கம் பாருங்க. சம்பந்தப்பட்ட அம்மா விண்ணப்பம் கொடுத்தா அவங்க தகவலை மறைச்சிடுவோம்.”

மித்சுயோ பக்கத்தைப் புரட்டினாள். விண்ணப்பத்தின் மாதிரி அங்கே இருந்தது. அடியில் ஒரு கட்டம்.

“இதுல குடும்பத் தலைவரோட சம்மதம்னு ஒரு இடம் இருக்கே?”

“அது அவரோட பக்கம்ங்களே. அவரைக் கேக்காம அதுல கைவைக்க முடியாது. அது அவரோட அந்தரங்கம்.”

வணிகர் சங்கத்துக்காரர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். அடித்தவனிடமே போய், நான் இருக்கும் இடத்தை நீ பார்க்காமல் இருக்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேட்க வேண்டும். படித்த ஆறு ஆண்கள் உட்கார்ந்திருந்த அறையில் இது யாருக்கும் கோணலாகப் படவில்லை.

“அப்படின்னா எனக்கு ஆட்சேபணை உண்டு” என்றாள் மித்சுயோ.

உசாமி தாளைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். ஆட்சேபணை உண்டு என்றால் தலைவர் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை. முப்பது வருஷம் சட்டம் படிப்பித்தவர் ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு விரலால் அடுத்த வரியைத் தேடிப் பிடித்து வாசித்தார்:

“ஆட்சேபணை ஏதும் இல்லாததால், திட்டம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எல்லாருக்கும் நன்றி.”

எல்லோரும் தலையசைத்தார்கள். மின்தூக்கியில் இறங்கும்போது பல் டாக்டர், “பணியாரம் எந்தக் கடைன்னு தெரியலயே, நல்லா இருந்துச்சு” என்றார்.

*

கூட்டக் குறிப்பில் இரண்டு உறுப்பினர்கள், கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் குடும்பப் பெயர் பொறித்த முத்திரையை வைத்தால்தான் அது செல்லும். முறை வைத்து வரும். இந்த முறை மித்சுயோவின் முறை. ஹிரோபே வந்தால் முத்திரை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டைக்கோசு வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசலில் புது இனிப்புப் பெட்டி இருந்தது.

“ஹிரோபே வந்துட்டுப் போயிட்டான்” என்றார் இசாவோ. “உன் வேலைய நானே முடிச்சுக் கொடுத்துட்டேன்.”

“என்ன வேலை?”

“குறிப்புல முத்திரை. வச்சு அனுப்பிட்டேன். பாவம், மழையில வந்திருந்தான்.”

மேசையில் குறிப்பின் நகல் கிடந்தது. மித்சுயோ ஈரக் கையோடு எடுத்து வாசித்தாள். ‘உறுப்பினர் ஹயாமி, திட்டம் கனிவோடு நடத்தப்பட வேண்டும் என்று ஒரு தாயின் உள்ளத்தோடு வாழ்த்தினார். அனைவரும் ஏகமனதாக ஏற்றனர்.’ அடியில் சிவப்பாக, வட்டமாக, ஹயாமி.

“நான் இப்படிச் சொல்லல.”

“யாரு என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதினா அது குறிப்பா? அது சண்டைக் கணக்கால்ல ஆயிடும்.”

“என்னைக் கேக்காம என் முத்திரைய எப்படி வச்சீங்க?”

இசாவோவுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. நிஜமாகவே விளங்கவில்லை.

“உன் முத்திரையா? அதுல மித்சுயோன்னா போட்டிருக்கு? ஹயாமின்னு போட்டிருக்கு. ஒரே வீடு, ஒரே முத்திரை. நான் வச்சா என்ன, நீ வச்சா என்ன? அந்த ஜன்னல்ல முப்பது வருஷம் உக்காந்தவன் சொல்றேன், முத்திரை யாரு கையில இருந்துச்சுன்னு நகராட்சியில எவனும் கேக்க மாட்டான்.”

“எதுக்குமே கேக்க மாட்டாங்களா?”

“எதுக்கும் கேக்க மாட்டான். வீட்டுல இருக்கற எவ வந்து முத்திரை வச்சு, இனிமே நான்தான் குடும்பத் தலைவின்னு எழுதிக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கணும், அதுதான் விதி. முப்பது வருஷத்துல ஒருத்தியும் வரல. குடும்பப் பொம்பளைங்களுக்கு அந்த அளவுக்குப் புத்தி இருக்கு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெட்டியைப் பிரித்து ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

மித்சுயோவுக்கு ஆத்திரமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் இந்த மனிதருக்கு மீன் வாட்டியிருக்கிறாள். தான் ஐந்தாவது மாடியில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, மழையில் நனைந்த ஒருவன் மேல் இரக்கப்பட்டு இவர் அழித்துவிட்டார். அவள் முட்டைக்கோசை நறுக்கப் போனாள். நறுக்கும்போது அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

*

மறுநாள் இசாவோ, கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் கோ ஆட்டச் சங்கத்துக்குப் போனதும் மித்சுயோ அலமாரி இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை. அத்தனை வருஷமும் அது அந்த இழுப்பறையில்தான் இருந்தது. அவள் அதைத் தூசி தட்டியிருக்கிறாளே தவிர உபயோகித்ததில்லை.

ஷியோட்சுவுக்கு ரயில் ஏறிப் போய், மகளிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கினாள். கனாயேயிடம் முத்திரை இல்லை. வீட்டைவிட்டு ஓடுகிறவள் முத்திரையா எடுத்துக்கொண்டு ஓடுவாள்? சில்லறைக் கடையில் குடும்பப் பெயர் பொறித்த மலிவு முத்திரைகள் வரிசையாகத் தொங்கும். அதில் தெராகியைத் தேடி எடுத்தார்கள்.

“இந்தப் பேரைப் பாத்தாலே எனக்கு மணிக்கட்டு வலிக்குதும்மா” என்றாள் கனாயே.

“உன்னைக் கேட்டா அந்தப் பேரை உன் தலையில கட்டினாங்க? கட்டினது கட்டினதுதான். உன் பேரு அது. இன்னிக்கு ஒரு நாளாவது உனக்கு உபயோகப்படட்டும்.”

அகிசே நகராட்சி ஜன்னலில் மொமோசே என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மித்சுயோ இரண்டு விண்ணப்பங்களையும் நீட்டினாள். ஒன்று ஹயாமி வீட்டுக்கு, ஒன்று தெராகி வீட்டுக்கு. மொமோசே வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“குடும்பத் தலைவர் மாற்றம். ரெண்டு வீட்டுலயும் தலைவர்… வந்து… இறந்துட்டாங்களா?”

“நல்லா சாப்பிட்டுட்டு நல்லாத்தான் இருக்காங்க.”

“வீட்டுல கலந்து பேசினீங்களா?”

“பேசணும்னு விதி இருக்கா?”

மொமோசே விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். “இல்ல” என்றாள். “வீட்டுல உள்ள ஒருத்தர் கொடுத்தா போதும். மாத்தறதுக்கு ஒரு காரணம் மட்டும் எழுதணும்.”

‘வீட்டு வாழ்க்கையை நடத்துவது நான்’ என்று மித்சுயோ எழுதினாள். மகளுக்கும் அதையே எழுதினாள். மொமோசே சட்டென்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அம்மா, இந்தக் குடும்பத் தலைவர் பக்கம் ஏப்ரல்ல வருதே… அப்ப அது இந்தப் புதுத் தலைவிக்குத்தானே தெரியும்? பழைய தலைவருக்குத் தெரியாதே?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அந்தப் பெண் மேலதிகாரி சாப்பாட்டிலிருந்து திரும்புவதற்குள் இரண்டையும் பதிவு செய்து முடித்தாள். அன்று சாயங்காலம் தன் அம்மாவுக்குப் போன் செய்து அவள் என்ன சொன்னாள் என்பது வேறு கதை.

*

இரண்டு நாள் கழித்துக் காலையில் இசாவோ கைப்பேசியைத் தட்டினார், துடைத்தார், மறுபடி தட்டினார்.

“என்னமோ கோளாறு. இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லைங்குது.”

மித்சுயோ சூப்பை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளாக அவர் சாப்பிட்டு முடிக்கும் முன் அவள் உட்கார்ந்ததில்லை. தன் கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“போன மாசம் மூணு தடவை எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“கோ ஆடத்தான்.”

“கோ சங்கத்துல ஈரல் டாக்டரும் ஆடறாரா? மருந்து வேற கொடுத்திருக்காங்க. நீங்க எங்கிட்ட சொல்லல.”

இசாவோவின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. “இது… இதெல்லாம் ஒரு மனுஷனோட சொந்த விஷயம். அடுத்தவங்க பார்க்கற விஷயமா?”

“அடுத்தவங்களா? ஒரே வீடுதானுங்களே.”

அன்று முதல் அந்த வீட்டில் இசாவோ சாயங்காலம் குடிக்கும் அரிசிச் சாராயத்தைச் சூடுபண்ணிக் கொடுப்பது நின்றது. முப்பது வருஷம் உட்கார்ந்த அதே ஜன்னலில் போய், தலைமையை மனைவியிடமிருந்து திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மித்சுயோ மீன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னாள். அவள் தன் நாத்தனாரிடம் சொன்னாள். மொமோசேயின் அம்மா பூ அலங்கார வகுப்பில் சொன்னாள். மார்ச் கடைசிக்குள் அந்த ஜன்னலில் பெண்கள் வரிசை வாசல்வரை நின்றது. பலர் குடையோடு, சிலர் கைக்குழந்தையோடு, ஒருத்தி நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவி. ஒருவரும் கோஷம் போடவில்லை. பெயரை எழுதி, முத்திரையை ஊதிப் பதித்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் வந்தது. தெராகி கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு நகராட்சிக்கு வந்து மேசையைத் தட்டினான். மனைவி பெயரில் இருக்கும் பக்கத்தைக் காட்ட வழியில்லை, அது அவரது அந்தரங்கம் என்று சொல்லி அனுப்பினார்கள். தலைமையைத் தன் பெயருக்குத் திருப்பி எழுதிக்கொள்ளலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அன்று ஜன்னலில் இருந்தவள் மொமோசே. ஷியோட்சுவில் சயோ தன் டாக்டரிடம் போய்வந்தாள்.

மற்ற ஆண்களின் பாடுதான் பரிதாபம். யார் எந்த ஊருக்குப் போய் எந்த நோய்க்கு மருந்து வாங்கினான் என்பது வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பேராசிரியர் உசாமிக்கு மனைவியால் ஒன்றும் வரவில்லை. ஓய்வு பெற்றபோது வரிச் சலுகைக்காகக் குடும்பத் தலைமையை மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்து மாவட்டத்துக்கு ரகசியமாகப் போய் மூலத்துக்கு வைத்தியம் பார்த்ததை, மகன் விருந்தாளிகள் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டான்.

மே மாதமே கண்காணிப்புக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது.

*

இந்த முறை பணியாரத்துக்குப் பதில் அரிசி வறுவல். மேசைமேல் புதுத் தாள் அச்சாகி இருந்தது. ஹிரோபே எழுந்தார். போன தடவை போலவே நெடுநேரம் பேசினார், ஆனால் தலைகீழாக.

“ஒருத்தரோட உடம்பு சம்பந்தமான தகவல் அவரோட தனிப்பட்ட சொத்து. குடும்பத்துக்குள்ளேயே இருந்தாலும், அவர் சம்மதம் இல்லாம இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. ஆகவே குடும்பத் தலைவர் பக்கத்தை முழுசா மூடிடறதுன்னு நகராட்சி முடிவு பண்ணியிருக்கு. பல தரப்பிலேருந்தும் கவலை வந்தது.”

“ரொம்ப நியாயம்” என்றார் பல் டாக்டர். “மானம் போற விஷயம்.”

“மனுஷ கௌரவம்னு ஒண்ணு இருக்கில்லையா?” என்றார் உசாமி. இது தாளில் இல்லாத வரி. மனசிலிருந்து வந்தது.

“இதைத்தான் நான் போன கூட்டத்துல சொன்னேன்” என்றாள் மித்சுயோ.

ஹிரோபே பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தார். அவசியமில்லை, ஆனாலும் பார்த்தார். “குறிப்புல அப்படி இல்லீங்களே. நீங்க வாழ்த்தினதாத்தான் இருக்கு. உங்க முத்திரையும் இருக்கு.”

மித்சுயோவுக்கு அவமானமாக இருந்தது. அந்த வட்டச் சிவப்பு அழியாது. இனி எந்தக் காலத்தில் யார் எடுத்துப் பார்த்தாலும், மகளைக் காட்டிக் கொடுக்கும் திட்டத்தை அவள் தாயுள்ளத்தோடு வாழ்த்தியதாகத்தான் இருக்கும். மறந்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உசாமி தாளை எடுத்தார். “ஆட்சேபணை உண்டா?”

ஐந்து தலைகள் அசைந்தன.

“பக்கத்தை மூடறதுல ஆட்சேபணை இல்லீங்க” என்றாள் மித்சுயோ. “ஆனா குறிப்புல ஒரு வரி சேக்கணும். இந்த முறை ரெண்டாவது முத்திரைக்கு ஆளை மாத்திட்டு என்னையே போடுங்க, ஹிரோபே. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ‘பிப்ரவரியில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்தபோது, இந்தக் குழு அதைப் பகிர்வு என்று சொன்னது. மே மாதம் ஆண்கள் மாட்டிக்கொண்டபோது, இதே குழு அதை அந்தரங்கம் என்று சொல்கிறது.’ ”

ஹிரோபேயின் பேனா மேசையிலேயே கிடந்தது. “இது கொஞ்சம் கடுமையா இருக்கே அம்மா. நான் அழகாத் திருத்தி எழுதி, நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுவரேன். ஐயாவைப் பார்த்தும் ரொம்ப நாளாச்சு.”

“வீட்டுக்கு வந்து பிரயோஜனம் இல்ல” என்று மித்சுயோ பையைத் திறந்தாள். அந்த மரக்கட்டையை எடுத்து, மூடியைக் கழற்றி, அரிசி வறுவல் தட்டைத் தள்ளிவிட்டுத் தன் முன்னால் நிறுத்தினாள். “முத்திரை இப்ப எங்கிட்டதான் இருக்கு. இங்கயே எழுதுங்க. நான் வாசிச்சுப் பாத்துட்டு வைக்கிறேன்.”

உசாமி தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலைவர் கூட்டத்தை முடிக்காமல் யாரும் எழுந்து போக முடியாது. அடுத்த வரி எதுவென்று தலைவருக்குத் தெரியவில்லை. வணிகர் சங்கத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எழுதிடப்பா, நேரமாகுது” என்றார்.

ஹிரோபே பேனாவை எடுத்தார். மித்சுயோ நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் எழுதுவதை வார்த்தை வார்த்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.